அந்த இரண்டு விரற்கடை வயர்

“எங்க வீட்டுல ரெண்டு வருஷம் இருந்துச்சு மாப்ளே, ஒரு வயரைக்கூடத் தொட்டதில்லை” என்று புனலூரிலிருந்து அத்தான் இன்று காலை தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரிடம் நான்காவது காலைத் தூக்கிக் காட்டிப் பயனில்லை என்று தெரிந்தும், நான் கால் மணி நேரம் வாதாடினேன். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் முயல் குட்டன், அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் வீட்டுக் கொல்லையில், ரப்பர் மரத்தடியில், கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்தது. அங்கே வயர் எங்கிருந்து வரும்? சிறையில் இருந்தவன் ஒரு நாளும் டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியதில்லை என்று நற்சான்று கொடுப்பதைப் போன்ற பேச்சு இது.

நேற்று விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டில் மின்விசிறி நின்றது. செங்கோட்டையில் சாரல் மாதத்தில் மின்சாரம் போவது ஒரு செய்தியே அன்று என்பதால் புரண்டு படுத்தேன். அப்போது ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடி விளக்கு எரிவது கண்ணில் பட்டது. ஊருக்கெல்லாம் மின்சாரம் இருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை என்றால் அதன் பொருள் என்ன என்பது முயல் வளர்க்கும் எவருக்கும் தெரியும். வயிற்றில் புளி கரைய எழுந்து ஓடினேன்.

டார்ச் வெளிச்சத்தில் குட்டன் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருந்தது. மூக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ‘நான் வந்தபோதே இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லும் முகம் அது. பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வயர் அறுந்து, செம்பு தெரிந்தது.

எந்த இடத்தில் அறுந்தது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன், அதைச் சொல்லாமல் எனக்கு இன்றைக்கு உறக்கம் வராது. சென்ற வாரம்தான் வயர்மேனை வரவழைத்து, தரையோரம் போன வயர்களையெல்லாம் சுவரில் ஏற்றி, பிளாஸ்டிக் கேசிங் அடித்து மூடினேன். கேசிங் அடிக்க முடியாத இடங்களில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை நீளவாக்கில் கீறி வயருக்கு உறையாக மாட்டினேன். குளிர்சாதனப் பெட்டியின் வயரை அரை அங்குல பிவிசி பைப்புக்குள் நுழைத்தேன். பைப் முடியும் இடத்துக்கும் பிளக் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு விரற்கடை வயர் வெளியே தெரிந்தது, ஏனென்றால் பிளக்கைப் பிடுங்கி மாட்ட அவ்வளவு இடமாவது வேண்டும். அந்த இரண்டு விரற்கடையை மறைக்கப் பெட்டியின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு பலகையைச் செருகினேன். பலகை சாயாமலிருக்க அதன் முன்னால் அரிசி டின்னை வைத்தேன். டின் நகராமலிருக்க அதற்கு முன்னால் அரை மூட்டைத் தேங்காயை வைத்தேன். ஒரு கோட்டைக்கு இதைவிட என்ன வேண்டும்? தேங்காய்களைத் தாண்டி, டின்னுக்கும் சுவருக்கும் இடையிலான, என் கையே நுழையாத சந்தில் நுழைந்து, பலகையின் ஓரத்தைக் கொறித்து வழி செய்துகொண்டு, இருட்டில், வீட்டில் ஓடும் அத்தனை வயரிலும் மூடப்படாத ஒரே இரண்டு விரற்கடையைக் கண்டுபிடித்து, அங்கே பல்லை வைத்திருக்கிறது.

மெல்லுவதற்கு அதற்கு வேறு எதுவும் இல்லையா என்று கேட்கத் தோன்றும். கூண்டின் வாசலில் அதன் உடம்பளவுக்கு உலர்ந்த அருகம்புல் குவியல் இருந்தது. கொய்யாக் குச்சிகள் இருந்தன. மூங்கில் துண்டுகள் இருந்தன. சாயம் போடாதது வேண்டும் என்று தேடி வாங்கிய பனையோலைப் பெட்டி ஒன்று இருந்தது. எல்லாம் ராத்திரி வைத்தது வைத்தபடியே இருந்தன.

அது மெல்லக் கூடாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் மட்டும் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். ஆகவே மெல்லட்டும். ஆனால் முயலுக்கு வாந்தி எடுக்க வராது. விழுங்கிய ரப்பரும் பிளாஸ்டிக்கும் குடலில் அடைத்துக்கொண்டால் தின்பதை நிறுத்திவிடும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. இதனால் ஐம்பத்திரண்டு வயதில், அரசுப் பணியில் இருக்கும் ஒரு மனிதன், தினமும் காலையில் காப்பி குடிப்பதற்கு முன் குந்தி அமர்ந்து புழுக்கையை எண்ணிக்கொண்டிருக்கிறான். உருண்டையாக நிறைய இருந்தால் அன்றைக்கு அவனுக்கு நல்ல நாள்.

மெயின் பெட்டியில் இருக்கும் டிரிப்பர்தான் நேற்று அதைக் காப்பாற்றியது. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. வீடு கட்டும்போது அதை வீண் செலவு என்று சொன்னவரும் இதே அத்தான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனாலும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாயில் தீய்ந்த புண் இல்லை என்று பார்த்துச் சொன்ன அவர், மின்சாரம் பாய்ந்திருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார். விடுப்பு எடுத்து, நாள் முழுவதும் ஒரு முயல் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நன்றாகவே விட்டது.

போகிற போக்கில் மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். குட்டன் ஆண் இல்லையாம். கருத்தடை செய்யாத பெண் முயல்கள் கொறிப்பதிலும் தோண்டுவதிலும் மும்முரமாக இருக்கும், அறுவை சிகிச்சை செய்தால் ஓரளவு அடங்கும் என்றார். இரண்டு ஆண்டு வளர்த்து, ஒரு வயரையும் தொடாததை உற்றுக் கவனித்த அத்தானுக்கு, அது குட்டி போடக்கூடிய குட்டன் என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

மதியம் வயர்மேன் வந்தார். “சார், முயல் கேரட்டுதானே திங்கும்? இது எலி வேலை” என்றார். கேரட்டில் சர்க்கரை அதிகம், அதை மிட்டாய் போல எப்போதாவது ஒரு துண்டுதான் கொடுக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வயர் பிழைக்க ஒரே வழி முயலைக் கறி வைப்பதுதான் என்ற நகைச்சுவையையும் அவர் விட்டுவைக்கவில்லை. முயல் வளர்ப்பவர்கள் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள், சொல்கிறவர் மட்டும் ஒவ்வொரு முறையும் தாம்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைக்கிறார். பக்கத்து வீட்டு மதினி மிளகாய்த்தூள் தடவச் சொன்னார். அதன் கண்ணும் மூக்கும் என்ன ஆகும் என்று கேட்டேன், பதில் இல்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று, நக்கிவிட்டு மென்றது. கை தட்டி அதட்டிப் பார்த்தாயிற்று. வயரில் வாய் வைத்தால் இந்த ஆள் ஓடி வருவான் என்பதை மட்டும் அது கற்றுக்கொண்டது. இப்போது பொழுது போகாதபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாய் வைக்கிறது.

அம்மாவுக்கு வேறு வருத்தம். பூஜைக்காக வளர்த்த செவ்வரளித் தொட்டிகளை நான் மாடிக்கு ஏற்றிவிட்டேன், ஏனென்றால் அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். “சாமிக்குப் பூப்பறிக்க நான் இருபத்திரண்டு படி ஏறணும், அது கீழே மகாராணி மாதிரி இருக்கணும்” என்று அம்மா சொன்னார். பெண் என்பது எங்களுக்கே நேற்றுத்தான் தெரிந்தது, அம்மா எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. பத்தமடைப் பாயின் சாயம் போட்ட ஓரத்தையும், மகளின் இரண்டு சார்ஜர்களையும், ரப்பர் செருப்பின் வாரையும் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்று மாலை, அத்தானிடம் பேசிய கோபம் ஆறாமலேயே, கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தேன். முயலின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் அதன் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்பது புரியும் என்று யோசித்து, கன்னத்தைத் தரையோடு வைத்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பாலை வைத்துவிட்டுப் போனார். குட்டன் மெதுவாக வந்து, தன் மோவாயை என் நெற்றியில் ஒரு முறை தேய்த்தது. மோவாய்க்கு அடியில் இருக்கும் வாசனைச் சுரப்பியைத் தேய்த்துத் தனக்குச் சொந்தமானவற்றுக்கு முயல் அடையாளம் வைக்கும். இதற்கு முன் எங்கள் வீட்டில் அந்த அடையாளம் பெற்றவை பீரோ, கட்டில் கால், அரிசி டின்.

“நீங்களும் ஒரு கட்டில் காலு, அவ்வளவுதான்” என்று இவள் அடுப்படியிலிருந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் சேர்ந்து, கண்ணில் நீர் வரும்வரை தரையில் கிடந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது இடுப்புப் பக்கம் கறக் கறக் என்று சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், போன ஓணத்துக்கு அத்தான் எடுத்துத் தந்த கசவு வேட்டியின் கரையில் ஒரு சாண் நீளம் காணவில்லை. சரிகை வயிற்றுக்குள் போகக் கூடாதே என்று வாயிலிருந்து இழுத்து எடுத்தேன், பாதிதான் வந்தது. நாளைக் காலையில் எண்ணும்போது மீதியையும் தேட வேண்டும்.