வெளிச்சத்தைக் குறைத்தவர்

ஒளிப்பதிவைப் பாராட்ட வேண்டும் என்றால் நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். "ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம் மாதிரி இருக்கு." எனக்கு இந்தப் பாராட்டு என்றைக்குமே ஒட்டியதில்லை. படம் ஓவியம் மாதிரி இருந்தால் என் கண் அந்த ஓவியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கதையில் அழுதுகொண்டிருக்கிற ஆள் கைவிடப்பட்டுவிடுவார்.

போன வாரம் ஹட் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 1963-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். டெக்சாஸில் ஒரு மாட்டுப்பண்ணை, பால் நியூமன், அவருக்கும் அப்பாவுக்கும் ஒத்துவராத உறவு. மாடுகளுக்குக் கோமாரி வந்துவிடுகிறது. மந்தை மொத்தத்தையும் பெரிய குழிக்குள் ஓட்டிவிட்டு, மேலே நின்று சுட்டுக் கொல்கிறார்கள். மனதைப் பிழிகிற காட்சிதான். ஆனால் அங்கே நிழலை வைத்து ஒரு வித்தையும் காட்டவில்லை. வெளுத்துப்போன வானம், கொளுத்துகிற வெயில், ஒளிந்துகொள்ள இடமே இல்லாத நிலம். அழகாக எடுக்க எல்லா வசதியும் இருந்தும், படத்தின் ஒளிப்பதிவாளர் வேண்டாம் என்று விட்டிருக்கிறார். அந்தப் படத்துக்காக அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 64.

அவர் பெயர் ஜேம்ஸ் வாங் ஹவ். மௌனப் பட நாட்களில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, 1970-கள் வரை வேலை பார்த்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கறுப்பு வெல்வெட் கதையில் தொடங்கி, பெரும்பாலும் அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம். கதை நல்ல கதை, நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதை ஒரு தந்திரக்காரரின் கதையாகச் சொன்னால் அவருடைய 50 ஆண்டு வேலை கைநழுவிப் போய்விடும்.

1899-ல் சீனாவின் குவாங்டொங் பகுதியில் பிறந்தார். வாங் துங் ஜிம் என்று பெயர். ஐந்து வயதில் அமெரிக்காவுக்கு வந்தார், வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற ஊருக்கு. அவரை ஜிம்மி ஹவ் ஆக்கியது பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா இறந்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்பி, கொஞ்ச காலம் குத்துச்சண்டை போட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ். 1917 வாக்கில் லாஸ்கி ஸ்டுடியோவில் எடுபிடி வேலை. தரையில் சிதறிக் கிடக்கும் ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்குவார், கேமராக்களைத் தூக்குவார், இயக்குநர் செசில் பி. டிமில்லின் படங்களில் கிளாப் பலகை பிடிப்பார்.

சரி, வெல்வெட்டுக்கு வருகிறேன்.

அந்தக் கால ஃபிலிமுக்கு ஆர்த்தோகுரோமேட்டிக் என்று பெயர். அதற்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் லேபில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே அதைக் கழுவுவார்கள். நீலமோ அதற்கு அளவுக்கு மீறித் தெரியும். சிவப்புச் சாயம் பூசிய உதடு கறுத்து விழும், நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வெளிர் நீலக் கண் உள்ள நடிகை நடித்தால் கருவிழி வெளுத்துப்போய், குருடி மாதிரி தெரிவார். மேரி மைல்ஸ் மின்டர் அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். அவருக்கு இருந்தது அப்படிப்பட்ட கண்.

ஹவ் அப்போது உதவியாளர். ஓய்வு நேரத்தில் நடிகர்களைப் புகைப்படம் எடுத்து, பெரிதாக்கிப் பிரின்ட் போட்டுக் கொடுப்பார். மின்டரையும் அப்படி எடுத்தார். படத்தைப் பார்த்த மின்டர் அசந்துபோனார், கண் கறுப்பாக விழுந்திருந்தது. சினிமாவிலும் இதே மாதிரி விழவைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டார் ஹவ். எப்படி விழுந்தது என்று அவருக்கே தெரியாது!

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். ஏதோ அதிர்ஷ்டம் என்று விடவில்லை. படம் எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போய், மின்டர் நின்ற இடத்தில் நின்று, அவர் பார்த்த திசையில் பார்த்தார். எதிரே கறுப்பு வெல்வெட் திரை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணின் மேல்பரப்பு ஒரு சின்னக் கண்ணாடி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருட்டு இருந்தால் கண்ணும் இருட்டும். ஒரு சட்டத்தில் கறுப்பு வெல்வெட்டை மாட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியே லென்ஸை நீட்டிப் படம்பிடித்தார். டிரம்ஸ் ஆஃப் ஃபேட், 1923. மின்டர் தனக்காகவே கீழை நாட்டிலிருந்து ஒரு கேமராக்காரரை வரவழைத்து வெல்வெட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஊருக்குள் வதந்தி பரவியதாம். நீலக் கண் நடிகைகள் எல்லோரும் அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரச்சினை வந்தபோது அவர் இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து வைக்கவில்லை, இருட்டைக் கொண்டுவந்து வைத்தார். நான் நண்பர்களைப் புகைப்படம் எடுக்கிறபோது இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஜன்னல் ஓரமாக ஒருவரை உட்காரவைத்து, ஜன்னல் இல்லாத பக்கம் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் போதும். சுவரில் பட்டுத் திரும்பிவந்த வெளிச்சம் நின்றுவிடும், அந்தப் பக்கத்துக் கன்னத்தில் நிழல் இறங்கும். ஒரு நொடிக்கு முன்னால் தட்டையாக இருந்த முகம் கதை சொல்ல ஆரம்பித்துவிடும். இன்றைக்கும் படப்பிடிப்புகளில் கறுப்புத் துணி கட்டுகிறார்கள், நெகட்டிவ் ஃபில் என்பார்கள்.

1928-ல் சீனாவுக்குப் போனார். சொந்தமாக ஒரு படம் இயக்கும் ஆசை, அதற்கான காட்சிகளை எடுக்கப் போனார். திரும்பி வந்தால் ஹாலிவுட் பேச ஆரம்பித்திருந்தது. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாது என்று கேமராவையும் ஆளையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். கார்பன் ஆர்க் விளக்குகள் ரீங்காரம் போடும் என்பதால் பல்புகளுக்கு மாறியிருந்தார்கள். ஒலிப் படத்தில் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள், அவரிடம் இல்லை. நேற்றுவரை நட்சத்திரங்கள் பெயர் சொல்லிக் கேட்ட ஆள், வேலை இல்லாமல் அலைந்தார். மீண்டும் நிமிர்ந்தது 1931-ல், ட்ரான்ஸ்அட்லாண்டிக் படத்தில். கப்பலுக்குள் நடக்கிற கதை. அகன்ற லென்ஸ், மேற்கூரை போட்ட செட், முன்னால் நிற்கிற ஆளும் தூரத்தில் நிற்கிற ஆளும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிகிற காட்சிகள். இந்த மாதிரிக் காட்சிகளுக்காகவே எல்லோரும் புகழ்கிற சிட்டிசன் கேன் வந்தது பத்து வருடம் கழித்து, 1941-ல். உடனே யார் முதல் என்று சண்டைக்குப் போகத் தோன்றும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் செய்தது டோலண்ட் செய்தது. ஆனால் ஒருவரைப் புகழ இன்னொருவரை மறந்துவிட்டது நியாயம் இல்லை.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஒளிப்பதிவாளர் சம்பளத்துக்கு இருக்கிற ஆள். கொடுக்கிற படத்தை எடுக்க வேண்டும். ஹீரோயின் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். ஹவ் எடுத்த 130-க்கும் மேற்பட்ட படங்களில் சாதாரணப் படங்கள் ஏராளம். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தச் சாதாரணப் படங்களுக்குள்ளும் அவர் விடாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலா, மேஜை விளக்கா, கதவு இடுக்கா? அங்கிருந்துதான் வர வேண்டும், மிச்சம் இருட்டாக இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி இருட்டு மிகுந்த ஒளியமைப்பை லோ கீ என்பார்கள், அதனால் 'லோ கீ ஹவ்' என்றே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது.

1938-ல் டாம் சாயர் கதையை டெக்னிகலர் நிறுவனத்தின் வண்ண முறையில் எடுத்தார். அந்தக் கேமராவைத் தனியாக வாங்க முடியாது, வாடகைக்குத்தான் வரும், கூடவே அந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆளும் வண்ண ஆலோசகரும் வருவார்கள். வெளிச்சத்தைக் கூட்டு, வண்ணம் நன்றாகத் தெரியட்டும் என்பது அவர்கள் கட்சி. குகைக்குள் மெழுகுவத்தி எரிந்தால் குகை இருட்டாகத்தானே இருக்கும் என்கிற மனிதருக்கு அது எப்படி ஒத்துப்போகும்? மோதல்தான். அதன் பிறகு பல வருடங்களுக்கு அவருக்கு வண்ணப் படமே வரவில்லை. ஒரு கலைஞன் சரியாகச் சொன்னதற்கு இப்படி விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று படிக்கும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது.

கோபம் வர இன்னும் பெரிய காரணங்கள் உண்டு. 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டப்படி, அமெரிக்காவில் வளர்ந்த அவர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது. அந்தச் சட்டம் 1943-ல்தான் நீக்கப்பட்டது, அதற்குள் அவர் ஆஸ்கருக்கே பரிந்துரைக்கப்பட்டுவிட்டார். எழுத்தாளர் சனோரா பாபைக் காதலித்து, 1937-ல் பாரிஸில் திருமணம் செய்துகொண்டார். கலப்பு மணத்தைத் தடை செய்திருந்த கலிபோர்னியா அதை ஏற்கவில்லை. ஒரே கட்டடத்தில் தனித்தனி வீடுகளில் இருந்தார்கள். 1948-ல் நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்த பிறகு, 1949-ல்தான் ஊரறியக் கணவன் மனைவி ஆனார்கள். போர்க் காலத்தில் தன்னை ஜப்பானியர் என்று நினைத்துவிடுவார்களோ என்று 'நான் சீனன்' என்று எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார். பகல் முழுக்க நட்சத்திரங்களின் முகத்துக்கு ஒளி கொடுத்தவர், தன் முகத்துக்கு விளக்கம் எழுதிக் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

குத்துச்சண்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 1947-ல் பாடி அண்ட் சோல். சண்டைக் காட்சிக்கு வழக்கப்படி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வளையத்துக்கு வெளியே இருந்து எடுத்திருக்கலாம். ஹவ் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு உள்ளே இறங்கினார். ஒரு ஆள் அவரைப் பின்னாலிருந்து தள்ளினார். அப்போது அவருக்கு 50-ஐ நெருங்கும் வயது. அடி வாங்குகிறவனுக்கு எதிராளி எப்படி வந்து போவான், தலை கிறுகிறுக்கும்போது உலகம் எப்படி ஆடும் என்பது அடி வாங்கிய ஆளுக்குத்தான் தெரியும். அந்தக் காட்சியில் கேமரா ஆடுகிறது, தவறுகிறது, மறுபடி பிடிக்கிறது. இன்றைக்குப் பாருங்கள், பழசாகவே தெரியாது.

ஸ்டுடியோ ஒப்பந்த முறை தளர்ந்த பிறகு அவர் சுருங்கிப்போகவில்லை, அப்போதுதான் விரிந்தார். தி ரோஸ் டாட்டூவுக்கு முதல் ஆஸ்கர். 1966-ல் செகண்ட்ஸ், எதையும் வளைத்துக் காட்டுகிற மீன்கண் லென்ஸை வைத்து ஒரு மனிதனின் பீதியை அப்படியே திரையில் பிதுக்கிக் காட்டினார். மொத்தம் பத்துப் பரிந்துரைகள், கடைசிப் பரிந்துரை 1975-ல் வந்த படத்துக்கு. 1976-ல் காலமானார்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரே ஒரு படம் பார்ப்பேன் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஹட் அல்ல, ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ், 1957. நியூயார்க்கின் இரவு, ஈரம் மினுங்குகிற தெரு. அதில் பர்ட் லான்காஸ்டர் ஒரு பத்திரிகையாளர், நினைத்தால் யாரையும் நாசம் செய்துவிடக்கூடியவர். தடித்த சட்டம் போட்ட கண்ணாடி அணிந்திருப்பார். அவர் உணவு விடுதி மேஜையில் உட்கார்ந்து பேசுகிற முதல் காட்சி வரும்போது வசனத்தைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். விளக்கு நேர் மேலே இருக்கும். கண்ணாடிச் சட்டத்தின் நிழல் கன்னத்தில் விழுந்து, முகம் மண்டையோடு மாதிரி ஆகும். போதாததற்கு இயக்குநர் மெக்கென்ட்ரிக் கண்ணாடியில் லேசாக வாசலின் தடவிவிட்டாராம், லான்காஸ்டரின் பார்வை எதிலும் நிலைக்கக் கூடாது என்று. மின்டரின் கண்ணுக்கு உயிர் கொடுத்த அதே ஆள், இங்கே ஒரு மனிதனின் கண்ணிலிருந்து உயிரை எடுத்திருக்கிறார். அந்த மேஜையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டோனி கர்ட்டிஸ் கூட அந்தக் கண்களைத் தேடிக்கொண்டேதான் இருப்பார்.