பள்ளி முதலுதவிப் பெட்டியில் அட்ரினலின் வேண்டும்

2021-இல் கொரோனா தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைத்தார்களே, எதற்காக? யாருக்காவது கடுமையான ஒவ்வாமை வந்தால் அந்த இடத்திலேயே அட்ரினலின் ஊசி போடுவதற்காக. முகாமில் அந்த மருந்து இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. எத்தனையோ முகாம்கள் பள்ளிக்கூடங்களில்தான் நடந்தன. இன்று அதே வகுப்பறையில் வேர்க்கடலையாலோ கதண்டு கடித்தோ ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால் கைக்கு எட்டுவது பஞ்சு, டிங்சர், பாராசிட்டமால்.

என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. பள்ளியில் சேர்த்தபோது தந்த படிவத்தில் ரத்த வகை கேட்டார்கள், அங்க அடையாளம் கேட்டார்கள். ஒவ்வாமைக்கு ஒரு வரி இல்லை. அடையாள அட்டையிலும் ரத்த வகைதான் அச்சாகியிருக்கிறது. அட்டையைப் பார்த்து எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றுவதில்லை, பரிசோதித்த பிறகே ஏற்றுவார்கள். உண்மையில் அவசரத்துக்கு உதவும் தகவலை யாரும் கேட்பதில்லை.

போன வருடம் மதிய இடைவேளையில் தோழியின் டப்பாவிலிருந்து ஒரு இட்லி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். சட்னியில் பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, "தொண்டையில் என்னவோ நிற்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை பதறிப்போய் மாடியிலிருந்து இறக்கி நடத்திக் கூட்டிவந்து, முகம் கழுவிவிட்டு, ஒரு செட்ரிசின் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்ட சில நிமிடங்களில் அவளுக்குக் குரல் திரும்பியது. அந்த ஆசிரியை மீது எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. பெற்ற பிள்ளையைப் போல் பதறியவர் அவர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். தடிப்போடு மூச்சுத் திணறலோ, குரல் மாற்றமோ, மயக்கமோ, விடாத வாந்தியோ சேர்ந்தால் அது சாதாரண அலர்ஜி இல்லை. செட்ரிசின், அவில் போன்ற அலர்ஜி மாத்திரைகள் அரிப்பைத் தணிக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம். பிள்ளையை நடக்க விடவே கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். உடனே 108. ஊசிக்குப் பிறகு தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும்.

"ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் இதை அவர்களுடைய நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது, அரசாணையாக வர வேண்டும் என்கிறேன். நம் மக்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் 2003-இல் சப்ரினா என்ற 13 வயதுப் பெண் பள்ளி உணவகத்தில் சாப்பிட்ட பிறகு ஒவ்வாமையால் இறந்தாள். அவளுடைய மருந்து லாக்கருக்குள் இருந்தது. 2005-இல் அவள் பெயராலேயே சட்டம் வந்தது: ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம், ஊழியர்களுக்குப் பயிற்சி, நல்லெண்ணத்தோடு மருந்து கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. பிரிட்டனில் 2017 முதல் பள்ளிகளே மருத்துவச் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை வாங்கி வைக்கலாம்.

அங்கே இருப்பது தானாகவே குத்தும் பேனா ஊசி. நம் ஊர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைக்காது, விலையும் கட்டாது. ஆனால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும் 1 மில்லிகிராம் ஆம்பூல் மலிவான மருந்து. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்து, எடுத்துப் போடப் பழக்கிவிட்டால் போதும். வெயில் படாத இடத்தில் வைத்து, காலாவதித் தேதியைப் பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இதைச் சாக்காக வைத்துச் சத்துணவில் முட்டையை நிறுத்தச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அன்றைய நல்ல புரதமே அதுதான். ஆகாத பிள்ளை யாரென்று தெரிந்து, அந்தத் தட்டுக்கு மாற்று வைத்தால் போதும்.

என் மகளின் பள்ளிக்கு இதை எழுத்தாகவே கொடுத்திருக்கிறேன். அரசுப் பள்ளிப் பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒரு மதியம் வந்து செய்து காட்டட்டும். சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.