கதைப் புக்கை கதைப் புக்காவே விடுங்க

லீவு விடறப்போ பொண்ணு கையில ஸ்கூல்ல ஒரு ஷீட் குடுத்து விட்டாங்க. லீவு முடியறதுக்குள்ள பத்து கதைப் புக் படிக்கணுமாம், ஒவ்வொண்ணுக்கும் ஆசிரியர் பேரு, கதைச் சுருக்கம், நீதி, புதுசா தெரிஞ்சுகிட்ட அஞ்சு வார்த்தை, கடைசில அம்மா கையெழுத்து. அவ நல்லா படிக்கிற புள்ளதான், சோறு ஊட்டும்போதே கதை கேட்டு வளந்தவ. மூணு புக் முடிச்சிட்டு வந்து "அம்மா, இருக்கிறதுலயே ஒல்லியான புக்கா பாத்து எடுத்துக் குடு"ன்னு கேட்டா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சிடுச்சு.

நாங்க வளந்தப்போ கதைப் புக்குன்னாலே வீட்ல திட்டு விழும். கணக்குப் புக்குக்குள்ள ராணி காமிக்ஸ் வச்சுப் படிச்ச தலைமுறை நாங்க. அடுத்த பக்கத்துல என்ன ஆகுதுன்னு தெரியாம தூக்கம் வராது, அவ்ளோதான் காரணம், வேற எந்தக் காரணமும் எங்களுக்குத் தேவைப்படல.

எங்க ஆச்சி படிச்சது அஞ்சாங்கிளாஸ். ஆனா பரண்ல அவங்களோட ஒரு ட்ரங்குப் பெட்டி இருந்துச்சு, முழுக்க பைண்டு பண்ணின தொடர்கதைங்க. 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கில வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழிச்சு சேத்து வச்சு, ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தோட தைச்சு வாங்கினது. மதியம் அடுப்பங்கரை வேலை முடிஞ்சதும் திண்ணைல உக்காந்து பூங்குழலி படகு ஓட்டுற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் படிப்பாங்க, சதியாலோசனை எல்லாம் அப்படியே தள்ளிட்டுப் போயிடுவாங்க. ஏன் ஆச்சி தாண்டிட்டீங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அவங்ககிட்ட யாரும் சுருக்கமும் கேக்கல, நீதியும் கேக்கல.

இப்ப பெரியவங்க நாமளே புக்கை மாத்திரை மாதிரி முழுங்க ஆரம்பிச்சிட்டோம். ஜனவரில புத்தகக் கண்காட்சி, மூட்டை கட்டி வாங்கறோம், வருஷத்துக்கு அம்பது புக்குன்னு டார்கெட். நானும் ஒரு வருஷம் நாப்பதுன்னு வச்சேன், டிசம்பர்ல எண்ணிக்கைக்காக குட்டிக் குட்டிப் புக்கா தேடிப் படிச்சேன், அதுல ஒண்ணுகூட இன்னைக்கு ஞாபகத்துல இல்ல. எல்லாரும் கொண்டாடின ஒரு தடி நாவலை நூத்தி எம்பதாம் பக்கத்துல மூடி வச்சிட்டு மூணு மாசம் குற்ற உணர்ச்சியோட திரிஞ்சேன், அந்த மூணு மாசமும் வேற எதையும் தொடல. அதுதான் உண்மையான நஷ்டம்.

சீர்காழில பொறந்து, 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார். ரெண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். எனக்கு ஒத்துவராத நாவலுக்கு வேற எங்கயோ ஒரு ஆள் இருக்காருன்னு நினைச்சப்புறம்தான் மனசு லேசாச்சு. அதுக்காக லைட்டா இருக்கறத மட்டும் படிங்கன்னு சொல்லல. கஷ்டமான புக்குலயும் பெரிய சுகம் இருக்கு, சிலதுக்கு அம்பது பக்கம் பொறுமையா இருக்கணும், இருந்திருக்கேன். ஆனா அந்தப் பொறுமை நம்மளா ஆசைப்பட்டு வரணும், இன்னொருத்தர் டிக் போடறதுக்காக வரக்கூடாது. பரீட்சைக்குப் படிக்கிறது வேற, அது இருக்கட்டும். கதையையும் ஏங்க பரீட்சையாக்குறீங்க?

சனிக்கிழமை அவளை எங்க ஏரியா கிளை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஷீட்டை வீட்லயே வச்சிட்டோம். ரேக்குக்குக் கீழ தரைல சம்மணம் போட்டு பாம்பு பத்தின ஒரு படப் புக்கை எடுத்தா, கடைசிப் பக்கத்துல இருந்து முன்னாடி வந்தா, பாதிய விட்டுட்டா, ஒரே பக்கத்தை நாலு தடவ பாத்தா. நான் ஒண்ணும் கேக்கல. திரும்பி வர்றப்போ ஸ்கூட்டில பின்னாடி உக்காந்துகிட்டு அவளாவே ஆரம்பிச்சா, "அம்மா, கண்ணாடி விரியன் முட்டை போடாதும்மா, குட்டிதான் போடும், தெரியுமா உனக்கு?" வீடு வர்ற வரைக்கும் நிறுத்தல.