எழுத்தில் உரக்க, பஸ்ஸில் மெல்ல

பேஸ்புக்கில் ஒரு முகம், நேரில் ஒரு முகம் என்று யாரையும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னவன்தான். ஒரு அண்ணனைப் பற்றி அப்படிச் சொன்னதை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

அவருடைய பதிவுகளைப் பல வருடமாக வாசிக்கிறேன். பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் படம் எடுத்துப் போடுவார். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டதே, பிறகு ஏன் எனக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது என்று கேட்பார். யார் வந்து வாதாடினாலும் விடமாட்டார்.

போன வருடம் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டத்தில்தான் முதன்முதலாக நேரில் கண்டேன். கடைசி வரிசையில் இருந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "எழுத்தில்தான் இவ்வளவு வீரம்" என்று பக்கத்தில் இருந்த நண்பனிடம் சொன்னேன்.

கூட்டம் முடிந்து காலி வீதியில் அண்ணனும் நானும் 100ஆம் இலக்க பாணந்துறை பஸ் ஏறினோம். அம்மாவின் அழைப்பு வந்தது. வழக்கம்போலக் கதைத்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"தம்பி, கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ."

யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் துளி தமிழ் வாடை இல்லாத சிங்களத்தில் "தெஹிவல" என்று சொல்லிக் காசு கொடுத்தார். இறங்கும் வரை வேறு எதுவும் கதைக்கவில்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. 1983 யூலைக் கலவரத்தில் ஒரு சொல்லை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று பார்த்தே இந்த நகரத்தில் தமிழரைப் பிடித்தார்கள். 2007 யூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 300 இற்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி கொழும்பை விட்டே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. இதையெல்லாம் கடந்து வந்த மனிதருக்கு பஸ்ஸில் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. அந்தக் குரல் போய்ச் சேர்ந்த இடம்தான் பேஸ்புக். அதை வேஷம் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

ஆனால் எல்லோருக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன். 2021 இல் தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் பற்றிய பேச்சு சூடாக இருந்தபோது எனக்குத் தெரிந்த ஒருவர் உருக்கமாக எழுதினார். நானும் ஹார்ட் போட்டேன். பிறகு ஒருநாள் அவருடைய தொடர்மாடி வீட்டுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் மலையகப் பிள்ளை எனக்குப் பிளேன்டீ கொண்டு வந்து தந்தது. எனக்குப் பீங்கான் கோப்பை, சோசர். அந்தப் பிள்ளையுடைய பிளாஸ்டிக் கோப்பை குசினி யன்னலில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கென்று ஒரு கோப்பை, ஒரு தட்டு. வீட்டுக்கு வந்து அந்த ஹார்ட்டை எடுத்துவிட்டேன். இவருக்கு எந்தப் பயமும் இல்லை. கோப்பையை மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அண்ணனை நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். வல்லாரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தைய நாள் தான் போட்ட பதிவைப் பற்றி என் காதருகே குனிந்து கதைத்தார். நானும் குனிந்தே கேட்டேன்.