சாராயக்கடைக்கு ஒப்பாரி வைத்தவள் எழுதுவது

அயர்லாந்தின் டப்ளினில் காணாமல்போன பப்களையும் நடனக் கூடங்களையும் பற்றிப் போன வாரம் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு முன்கதை தெரியும். சனிக்கிழமை விருந்தில் அண்ணன் ஒருவர் அந்தப் பதிவைக் கைப்பேசியில் திறந்து, பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டியதும் இதற்குள் பாதிப் பேர் காதுக்கு வந்திருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். "சாராயக்கடையை மூடியதற்கு ஒப்பாரி வைத்த முதல் தமிழ்ப் பெண் நம் தங்கச்சிதான்" என்று முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சபையில் வேறென்ன செய்வது?

அங்கே வாயை மூடிக்கொண்டிருந்ததால் இங்கே எழுதுகிறேன். நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

நான் எழுதியது இடத்தைப் பற்றி. வேலை முடிந்து வருகிறவர்கள், முன்பின் அறியாதவர்கள், கையில் அதிகம் காசில்லாதவர்கள் இரவில் ஒன்றாக உட்காரவும் ஆடவும் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் பயணிகள் தங்கும் ஓட்டல்களாகிவிட்டன. இவ்வளவுதான் நான் சொன்னது. பிரான்சிஸ் தெருவில் டிவோலி தியேட்டர் இருந்தது. 2019 ஜனவரியில் அங்கே கடைசி இரவு ஆடினார்கள், பிறகு இடித்தார்கள், இன்று ஓட்டல். ஆண்ட்ரூஸ் லேனில் சிறிய நாடக அரங்கொன்று பின்னாளில் ஹேங்கர் என்ற கிளப்பானது. 2017இல் மூடினார்கள், இன்று ஓட்டல். சவுத் ரிச்மண்ட் தெருவின் பெர்னார்ட் ஷா என்ற பப்பையும் 2019 அக்டோபர் கடைசியில் மூடிவிட்டார்கள். அதன் பின்முற்றத்தில் நிறுத்தியிருந்த நீல நிற மாடி பஸ்ஸில் ஏறிப் பீட்சா தின்ற தமிழ் மாணவர்கள் எத்தனை பேர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கை தூக்க வேண்டாம், அண்ணன் பார்த்துவிடுவார். அது ஆற்றுக்கு வடக்கே வேறோரிடத்தில் அதே பெயரில் திரும்பவும் திறந்ததே என்பீர்கள். திறந்தது. பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது, தெரு போகவில்லை.

சரி, எல்லோர் நாக்கு நுனியிலும் நிற்கும் கேள்விக்கு வருகிறேன். நீ குடிப்பாயா? குடிப்பதில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. குடித்தால்தான் என்ன? அன்றைக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அண்ணன்மார் நின்றுகொண்டே காலி செய்த ஜேம்சன் விஸ்கி பாட்டிலுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லையே. குழந்தைகளுக்கு மாம்பழச் சாறு, பெண்களுக்குத் தட்டு கழுவும் வேலை, ஆண்களுக்குக் கதவு. இந்த ஏற்பாட்டில் ஒழுக்கம் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் நன்றி சொல்வேன்.

மாணவியாக வந்த காலத்தில் எனக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி. அதை ஒரு பப்பில் காலி கிளாஸ் பொறுக்கித்தான் கழித்தேன். பெயர் வேண்டாம். அங்கே முதல் நாள் எனக்குச் சொல்லித்தந்த பாடம், மேலே அட்டை வைத்து மூடிய கிளாஸைத் தொடாதே என்பது. 2004 மார்ச்சில் கட்டடத்துக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபின், வெளியே போகிறவர் பீர் கிளாஸின் வாயில் அந்த வட்ட அட்டையை வைத்துவிட்டுப் போவார். இடம் என்னுடையது, திரும்பி வருவேன் என்று பொருள். அரங்கு நிறைந்த வெள்ளிக்கிழமையிலும் அந்த நாற்காலியை ஒருவரும் இழுக்க மாட்டார்கள். காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, கீழ் நுனியை இடுப்பில் கொடுத்து, மேல் நுனியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். ஆறடி ஆட்கள் முதுகை வளைத்து வழிவிடுவார்கள். ஊரில் பஸ்ஸில் எனக்கு அப்படி யாரும் வழிவிட்டதாக நினைவில்லை. (இதற்கு ஒரு சண்டை வரும். வரட்டும்.)

அங்கே பாரில் நின்ற பெரியவர் ஒருவர்தான் எனக்கு இந்த நகரத்தைச் சொல்லிக்கொடுத்தவர். மதியம் இரண்டரை முதல் மூன்றரை வரை பப்களைச் சட்டப்படி மூடிவைத்த 'புனித மணி நேரம்' ஒன்று இருந்ததாம். 1927இல் வந்த ஏற்பாடு, வேலை நாட்களில் 1988 வரை நீடித்தது. கதவைப் பூட்டுவார்கள், உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். சவுத் ஆன் தெருவில் மெக்கோனகல்ஸ் என்றொரு அரங்கு, அதற்கும் முந்திய தலைமுறைக்கு அது கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடனக் கூடம். ஸ்டீபன்ஸ் கிரீன் ஓரத்தில் டான்டிலியன் மார்க்கெட். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளும் வரலாம் என்பதற்காக 1979இல் யூ2 ராக் குழு அங்கே பகலில் பாடியது. தானும் அங்கே நின்றதாகப் பெரியவர் சத்தியம் செய்வார். அந்த வயதுள்ள டப்ளின்காரர்கள் எல்லோருமே அங்கே நின்றதாகத்தான் சொல்கிறார்கள், மார்க்கெட் எப்படித் தாங்கியதோ. இன்று அந்த இடத்தில் 1988இல் திறந்த ஷாப்பிங் சென்டர் இருக்கிறது. நம்மவர்கள் ஊருக்குப் போகும் முன் பெட்டிக்குப் பொருள் வாங்குமிடம்.

"பெண்பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" என்று விருந்தில் ஓர் அக்கா கேட்டார். அக்கா, டப்ளினிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1970கள் வரை பல பப்களில் பெண்ணுக்கு முழு பைன்ட் (பெரிய கிளாஸ் நிறைய பீர்) ஊற்றித் தர மாட்டார்கள். நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளர் முப்பது பெண்களோடு ஒரு பப்புக்குள் நுழைந்து, முப்பது பிராந்தி வாங்கிக் குடித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு பைன்ட் கேட்டதாக ஒரு கதை உண்டு. பைன்ட் தர முடியாது என்றார்களாம். கேட்டதைக் கொடுக்காத கடைக்குப் பணமும் கொடுக்க முடியாது என்று எழுந்து போனார்களாம். நான் கிளாஸ் பொறுக்கிய கூடத்தில் என்னை ஒருவரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை என்றால், அதற்கு அந்த முப்பது பேர் காரணம். அண்ணன் காரணம் இல்லை.

இன்னும் ஒன்று. 1979ஆம் ஆண்டு செயின்ட் பேட்ரிக் தினத்தன்று ஃபவுன்ஸ் தெருவில் ஹிர்ஷ்ஃபெல்ட் மையம் திறந்தது. ஓரினச்சேர்க்கையாளர்கள் தலைநிமிர்ந்து வந்துபோன இடம் அது. உள்ளே ஃப்ளிக்கர்ஸ் என்ற டிஸ்கோ நடந்தது. அயர்லாந்தில் அவர்களைக் குற்றவாளிகளாக்கிய சட்டம் 1993 வரை இருந்தது. ஆக, சட்டம் ஒப்புக்கொள்வதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நடனத் தளம் ஒப்புக்கொண்டுவிட்டது. 1987இல் தீப்பிடித்து அந்த மையம் அழிந்தது. 2015இல் இந்த நாடு ஓட்டுப் போட்டுத் திருமண உரிமை கொடுத்தபோது நம் குழுக்களில் எத்தனை பேர் பெருமையாகக் கொடி படம் போட்டீர்கள்! அந்த ஓட்டுக்கான துணிவின் ஒரு பங்கு அந்த டிஸ்கோவில் சேர்ந்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் ஒரே சொல்லில் 'சாராயக்கடை' என்று முடித்துவிட்டார்கள்.

நான் இனிப்பான பக்கத்தை மட்டும் காட்டுகிறேன் என்பவர்களுக்கு: ஸ்டார்டஸ்ட்டை மறந்து யாரும் டப்ளினின் இரவுகளைப் பற்றி எழுத முடியாது. 1981 காதலர் தினத்தின் அதிகாலை, ஆர்டேனில் இருந்த அந்தக் கிளப் எரிந்து 48 பேர் இறந்தார்கள். பதினாறு முதல் இருபத்தேழு வயதுக்குள் இருந்த பிள்ளைகள். வெளியேறும் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. யாரோ தீ வைத்திருக்கலாம் என்ற பழி பல ஆண்டுகள் அந்தப் பிள்ளைகள் தலைமேல் தொங்கியது. சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2024 ஏப்ரலில்தான் வந்தது, அரசின் மன்னிப்பும் அப்போதுதான். தாய்மார்கள் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இதைப் பற்றி வேறெதுவும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இதை எடுத்துவைத்து "பார்த்தாயா, அதனால்தான் பிள்ளைகளை அனுப்பக்கூடாது" என்று யாரும் என்னிடம் வராதீர்கள். ஆடப்போனது குற்றமில்லை, கதவைப் பூட்டியது குற்றம்.

அடுத்தது, குடியின் கேடு. தெரியாமலா எழுதுகிறேன்? டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித்தான் நானும் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் தெருவில் குடியால் அழிந்த வீட்டை எனக்கு யாரும் விரல் நீட்டிக் காட்ட வேண்டியதில்லை. அயர்லாந்தும் குடியால் நொந்த நாடுதான், 2022 ஜனவரியில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்ததே அதனால்தான். ஆனால் பப் மூடினால் குடி நிற்கும் என்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஏதாவதொரு சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்று பாருங்கள். குடி வீட்டுக்குள் போய்விட்டது. பப்பில் "போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். சோபாவில் யார் சொல்வார்கள்?

"டப்ளினில் இன்னும் நூற்றுக்கணக்கில் பப் இருக்கிறதே?" இது நியாயமான கேள்வி. 2005க்குப் பிறகு நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பப்கள் மூடப்பட்டன, அதில் டப்ளினின் இழப்பு மற்ற மாவட்டங்களைவிடக் குறைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடுவதற்கு இடம்? 2000 வாக்கில் நாட்டில் ஐந்நூறு நைட் கிளப்கள் இருந்தன, இப்போது நூறுகூட இல்லை என்கிறார்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாக நீதிமன்ற அனுமதி, அதற்கு 2022 வரை 410 யூரோ கட்டணம், இரண்டரை மணிக்கு விளக்கைப் போட்டுவிட வேண்டும். அந்த ஆண்டில்தான் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். இதற்கு மேல் நிலத்தின் விலை. ஓர் இரவு ஆடவைத்துச் சம்பாதிப்பதைவிட நூறு படுக்கை போட்டுச் சம்பாதிப்பது லாபம் என்றால் எந்த முதலாளி ஆடவிடுவான்? அப்படி வந்திறங்கும் பயணிக்கு மாலையில் போக்கிடம் வேண்டுமே, அதற்குச் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் டெம்பிள் பார் பகுதி இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அண்ணன் அங்குள்ள பப்பின் சிவப்புச் சுவரின் முன்னால்தான் நிறுத்திப் படம் எடுப்பார். அப்போது மட்டும் அது 'ஐரிஷ் பண்பாடு'.

"வந்தேறிய உனக்கென்ன அக்கறை? இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர்களுக்கு ஒரு தகவல். இவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஸ்மித்ஃபீல்டின் காபிள்ஸ்டோன் பப்பைச் சுற்றி ஒன்பது மாடி ஓட்டல் கட்ட 2021இல் திட்டம் போட்டபோது, நாட்டுப்புற இசை சொல்லிக்கொடுக்கும் அதன் பின்கூடம் போய்விடும் என்று தெரிந்ததும், மக்கள் பிடிலும் குழலுமாக மாநகராட்சி அலுவலகம் வரை ஊர்வலம் போனார்கள். கூடவே ஒரு சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு. அண்ணன் கவனிக்க வேண்டும், அதுவும் ஒப்பாரிதான். நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. பப் இன்றும் இருக்கிறது. மேடை கிடையாது, நுழைந்ததும் மூலையில் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், நீங்கள் சோடா வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம். உங்கள் சாதி, சம்பளம், விசா எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். நம் விருந்துகளில் முதல் பத்து நிமிடத்தில் இந்த மூன்றையும் கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைச் சுற்றி வளைத்து.

எங்கேயோ போய்விட்டேன். போகட்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். நாம் பத்துப் பதினைந்து குடும்பங்களாக இருந்த காலத்தில் பொங்கல் விழா எங்கே நடந்தது? புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது, அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பப்பின் மாடி அறையில். வாடகை வாங்கவில்லை. கீழே பாரில் நாலு பேர் ஏதாவது குடித்தால் போதும் என்றார் முதலாளி. நாம் குடித்தது தேநீர், அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. கரும்பு கிடைக்காமல் மூங்கில் கட்டி நிறுத்தினோம், கீழேயிருந்து வந்த இரண்டு கிழவர்கள் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். "இந்த அந்நிய மண்ணில் நமக்கொரு கூடம் கிடைத்தது" என்று தழுதழுத்த குரலில் தலைமையுரை ஆற்றியவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாடியும் போய்விட்டது. இப்போது விழா ஓட்டலில் நடக்கிறது, தலைக்கு டிக்கெட் போட்டு. இந்த ஆண்டு கூடத்துக்கு மட்டும் எவ்வளவு கட்டினோம் என்று அவரிடமே கேளுங்கள். பொருளாளர் அவர்தான்.