மண்பாண்டக் கலை இன்று நேற்று அரங்கேறியதல்ல

‘களிமண் வேலை காட்சியரங்குக்குள் நுழைந்ததே இந்தப் பத்தாண்டில்தான், படிப்புகளும் மூடியாச்சு, சொந்தப் பட்டறையில் கையால் வனையும் ஸ்டூடியோ குயவருக்கு இனி இடமில்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்து ஒரு மாணவர் சக்கரத்தை விட்டு எழுந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இத்தாலியின் ஃபயென்சாவில் மட்கலைப் போட்டி 1938-லேயே தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் கலைஞர் கிரேசன் பெர்ரி தன் ஜாடிகளுக்காக அந்நாட்டின் பெரிய நவீனக் கலை விருதான டர்னர் பரிசு வாங்கியது 2003-ல். லண்டன் ஹேவர்ட் கேலரி 2022-ல் நடத்திய பெரிய களிமண் கண்காட்சி அந்த வரிசையில் வந்ததுதான். அரங்குகளுக்குச் சிற்பங்கள்மேல் ஆசை அதிகம், அன்றாடக் கோப்பை வனைபவருக்கு அங்கே இடம் குறைவு என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்வேன்.

படிப்பு விஷயம் பாதி உண்மை. பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஹாரோ வளாகத்தில் இருந்த பெயர்பெற்ற மட்கலைப் பட்டப்படிப்பு மூடப்பட்டது, பெரிய இழப்புதான். ஆனால் 2017-ல் இங்கிலாந்தின் மண்பாண்ட நகரமான ஸ்டோக்கில் கிளே காலேஜ் என்ற பயிற்சிப் பள்ளி திறந்தது. இரண்டு வருட முழுநேரப் பயிற்சி; வனைவதோடு சூளை கட்டவும் கற்றுத்தருகிறார்கள்.

சூளைப் பயிற்சியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சூளை ஆறும்போது 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் நல்ல தட்டுகூட விரிசல் விடும். எப்போது பொறுக்க வேண்டும் என்பது சூளை பக்கத்திலேயே நின்று பழகினால்தான் கைவரும். அப்படிப் பழக ஒரு பட்டறை போதும், அது பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பிரிட்டிஷ் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாடாவும் தொடங்கியதும் ஒரு பட்டறைதான்.