சாப்பிட்டாயா என்று யாராவது கேளுங்கள்

பாடசாலைகளில் இல்லங்களுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போட்டிக்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களுக்குத்தான். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில்தான் எல்லாரையும் பார்ப்பார்கள். எட்டாம் தரம் படித்த என் மகள் போன வருஷம் மரதன் ஓட்டத்தில் பாதி வழியில், அதுவும் ஏற்றத்தில், மயங்கி விழுந்தாள். காலையில் வெறும் சாயத்தண்ணிதான் (பாலில்லாத தேத்தண்ணி) குடித்துவிட்டுப் போயிருந்தாள். அப்புறம் இரத்தம் பார்த்தபோது இரத்தச்சோகை. பாடசாலையில் கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிறு பிரட்டுகிறது என்று எறிந்திருக்கிறாள். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொந்தரவு குறையும். தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. தோட்டத்து லயக் குடியிருப்பில் இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? பயிற்சிக்கு முன் "சாப்பிட்டாயா?" என்று விளையாட்டு ஆசிரியர் கேட்டால்கூடப் பெரிய உதவி.